சைனிக் பள்ளி ஒன்பதாம் வகுப்பு நுழைவுத்தேர்வு: சேலம் நண்பர்களின் உதவி தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காட்டில் வசிக்கிறோம். தமிழ்வழியில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகர் சைனிக் பள்ளியில் (ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்தும் உறைவிடப் பள்ளி) சேர விரும்பி, அகில இந்திய நுழைவுத்தேர்வுக்குத் தயாராகி வருகிறான்.

ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டுமே என்பதுதான் எங்களுடைய சிக்கல். மொத்தம் 400 மதிப்பெண்களில் கணிதத்துக்கு மட்டும் 200 என்பதால், கணக்கில் கெட்டிக்காரனான அவனுக்கு இது சாதகம் என்றே முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற வாரம் ஒரு மாதிரி வினாத்தாளைக் கொடுத்தபோது, ‘பெரிமீட்டர்’ என்ற சொல்லின் மேல் பென்சிலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தவன், அது சுற்றளவு என்று நான் சொன்னதும் அரை நிமிடத்தில் விடையைப் போட்டுவிட்டான். 180 நிமிடங்களில் 150 வினாக்கள் என்னும்போது, இப்படித் தயங்கினால் கட்டுப்படியாகாது.

சேலத்தில் நாங்கள் விசாரித்த ஒரு பயிற்சி மையத்தில் வார நாள்களில் மாலை வகுப்பு மட்டுமே நடக்கிறது. பள்ளி விட்டபின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறுவது நடவாத காரியம். பேருந்தில் பாதி வளைவு தாண்டுவதற்குள் அவனுக்குக் குமட்டல் வந்துவிடும்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைகளில் அஸ்தம்பட்டி, கோரிமேடு பகுதிகளில் ஆங்கிலமும் நுண்ணறிவுப் பகுதியும் கற்பிப்பவர்கள் இருந்தால் தெரிவியுங்கள். தமிழ்வழியில் படித்து இத்தேர்வை எழுதிய பிள்ளைகளின் பெற்றோர், கணிதக் கலைச்சொற்களை எப்படிப் பழக்கினீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும். பழைய வினாத்தாள்கள் இருந்தால், நகலெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்.