ராயல் மரீன்ஸ்ல 40, 42, 45னு நம்பர் எதுக்கு? யாராவது புரியிற மாதிரி சொல்லுங்க

அரைக்காப்பி:

மக்களே ஒரு டவுட்டு. நாலு நாளா யூட்யூப்ல பிரிட்டன் ராயல் மரீன்ஸ் வீடியோவாவே வந்துக்கிட்டு இருக்கு, நானும் தூக்கத்தைக் கெடுத்து பாத்துக்கிட்டு இருக்கேன், ஒன்னும் பிடிபடல. 40 கமாண்டோ, 42 கமாண்டோ, 45 கமாண்டோங்கிறான், அப்போ மொத்தமே 45 பேர்தானா? 41, 44 எல்லாம் எங்க போச்சு? இதுல 29 கமாண்டோன்னு ஒன்னு வருது, அதே பச்சைத் தொப்பிதான், ஆனா அவங்க மரீனே இல்லையாம், ஆர்மியாம். இவங்க நேவியா ஆர்மியா, யாருக்கு என்ன வேலை? விக்கி லிங்க் மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க, அதைப் படிச்சு குழம்பித்தான் இங்க வந்தேன்.

டெவன்_மச்சான்:

"மொத்தமே 45 பேரா" படிச்சதும் டீ மூக்குல ஏறிடுச்சு :) ஆனா குழப்பம் நியாயம்தான். நமக்கு கமாண்டோன்னா ஒரு ஆளு, கருப்பு ட்ரெஸ்ல துப்பாக்கியோட மந்திரிக்குப் பின்னாடி நிக்கிறவரு. அங்க அந்த ஆளும் கமாண்டோ, அவரு இருக்கிற யூனிட்டும் கமாண்டோ. 40 கமாண்டோன்னா ஒரு பட்டாலியன் மாதிரி, பல நூறு பேர்.

அந்த வார்த்தையே தென்னாப்பிரிக்காவுல போயர்கள் தங்களோட குதிரைப்படைக்கு வச்சிருந்த பேரு. 1940ல ஜெர்மன்காரன் பிடிச்சு வச்சிருந்த கடற்கரையில ராத்திரியோட ராத்திரியா இறங்கி அடிச்சுட்டு திரும்பி வர ஒரு படை வேணும்னு சர்ச்சில் கேட்டப்போ அந்தப் பேரை எடுத்துக்கிட்டாங்க. முதல்ல கிளம்பினது ஆர்மிதான், அதனால சின்ன நம்பரெல்லாம் அவங்களுக்குப் போயிடுச்சு. மரீன்ஸ் 1942லதான் இதுக்குள்ள வந்தாங்க, அவங்களுக்கு 40ல இருந்து 48 வரைக்கும். சண்டை முடிஞ்சதும் ஆர்மி கமாண்டோவை கலைச்சாச்சு, 41 மாதிரி சிலது நடுவுல திரும்ப வந்து திரும்பப் போச்சு, கடைசியா நிலைச்சு நின்னது 40, 42, 45. அவ்ளோதான் கதை.

நேவியா ஆர்மியான்னா, ராயல் நேவியோட ஒரு பகுதி. 1664ல கப்பல்ல ஏத்தி அனுப்புறதுக்குன்னே சேர்த்த சிப்பாய்ங்க. ஆனா ரேங்க் மட்டும் மேஜர், கர்னல்னு ஆர்மி மாதிரி இருக்கும்.

வேலை பத்தி: 40ம் 45ம் கரையில இறங்கி சண்டை போடுற யூனிட், 40 இங்கிலாந்துல டான்டன் பக்கம், 45 ஸ்காட்லாந்துல ஆர்ப்ரோத். 42க்கு இப்போ கடல் வேலை அதிகம், சந்தேகப்படுற கப்பல்ல ஏறி சோதனை போடுற மாதிரி. பழைய நம்பர் சிலதை பிற்பாடு வேற யூனிட்டுகளுக்குத் திரும்ப வச்சாங்க, அப்படி வந்ததுதான் 43, 30, 47. 43 முழுக்க காவல், ஸ்காட்லாந்துல ஃபாஸ்லேன்ங்கிற கடற்படைத் தளத்துல அணு ஆயுத நீர்மூழ்கி நிக்குதே அதுக்கு. 30ன்னு ஒன்னு இருக்கு, உளவுத் தகவலும் சிக்னலும் அவங்க கையில. 47தான் படகு ஓட்டுறவங்க, என்னைக் கேட்டா மொத்த மரீன்ஸும் நிக்கிறது இவங்க தோள் மேலதான், ஆனா எந்த வீடியோவுலயும் இவங்களைக் காட்ட மாட்டான்.

உங்க 29 வந்து பீரங்கி ரெஜிமென்ட், அதே மாதிரி 24 இன்ஜினியர்ஸ். ரெண்டுமே ஆர்மி ஆளுங்க, மரீன்ஸ் கூடவே இறங்கணும்ங்கிறதால அவங்களும் 13 வாரம் தனி கோர்ஸ் முடிச்சு பச்சைத் தொப்பி வாங்குறாங்க. அடுத்த தடவை தொப்பியைப் பாக்காம பேட்ஜைப் பாருங்க, உலக உருண்டையும் சுத்தி லாரல் இலையும் இருந்தா மரீன், பீரங்கி படம் இருந்தா 29.

நீச்சல்_தெரியாதவன்:

இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய விளக்கம், நம்ம இந்தியன் நேவியோட மார்கோஸ் மாதிரின்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாமே

டெவன்_மச்சான்:

இல்ல ப்ரோ, அங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறாங்க. 1987ல ஆரம்பிச்ச மார்கோஸ் ஸ்பெஷல் ஃபோர்ஸ், கொஞ்சம் பேர், ரகசியமான வேலை. அதுக்கு ஜோடி பிரிட்டன்ல பூல்ங்கிற ஊர்ல இருக்கிற எஸ்பிஎஸ் (ஸ்பெஷல் போட் சர்வீஸ்). அதுல நிறைய பேர் மரீன்ஸ்ல இருந்து போனவங்கதான், ஆனா தனித் தேர்வு, தனி உலகம். மரீன்ஸ்ங்கிறது பீரங்கி, படகு, சமையல், லாரி எல்லாத்தோடவும் போய் ஒரு கரையைப் பிடிச்சு உக்கார்ற படை.

சமையல்னதும் ஞாபகம் வருது, மரீன்ஸ்ல சமையல்காரரும் முதல்ல மத்தவங்க கூட முழு ட்ரெய்னிங் முடிச்ச மரீன்தான், அப்புறம்தான் கரண்டி. ட்ரெய்னிங் நடக்கிற லிம்ப்ஸ்டோன் எக்ஸெட்டர்ல இருந்து எக்ஸ்மவுத் போற ட்ரெயின் பாதையிலயே இருக்கு, கேம்ப்புக்குன்னே தனி ஸ்டேஷன், வேலை இருக்கிறவங்க மட்டும் இறங்கவும்னு போர்டு. நான் அந்த ட்ரெயின்லதான் வேலைக்குப் போறேன். ஜன்னல் வழியா அவங்க கயிறு ஏறுறது தெரியும், 30 அடி கயிறு, முதுகுல 21 பவுண்டு மூட்டை, தனியா துப்பாக்கி. மழையில பாக்கும்போது என் லேப்டாப் பையைத் தூக்கி மடியில வச்சுக்கவே வெக்கமா இருக்கும்.

எண்டூரன்ஸ் கோர்ஸ்னு ஒரு டெஸ்ட். அதுல தண்ணிக்குள்ள மூழ்கின ஒரு குழாய் வரும், ஆட்டைக் குளிப்பாட்டுற தொட்டின்னு அதுக்குப் பேரு. அதைத் தானா தாண்ட முடியாது, பின்னாடி இருக்கிறவன் காலைப் பிடிச்சு உள்ள தள்ளணும், அந்தப் பக்கம் இருக்கிறவன் கையைப் பிடிச்சு இழுக்கணும். வெளிய வந்து அப்படியே ஈரத்தோட நாலு மைல் கேம்ப்புக்கு ஓட்டம், ஓடி முடிச்சதும் பத்து குண்டு சுடணும், ஆறு பட்டாத்தான் பாஸ். சேறு போய் துப்பாக்கி அடைச்சுக்கிட்டா அவ்ளோதான், ஓடினதெல்லாம் வீண். கடைசி டெஸ்ட் டார்ட்மூர்ங்கிற மேட்டுநிலத்துல 30 மைல், எட்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்.

செம்பவாங்_பேரன்:

சிங்கப்பூர்ல இருந்து ஒரு துணுக்கு. என் தாத்தா செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை பாத்தவரு, எங்க வீட்ல மரீன்ஸ்னு யாரும் சொல்ல மாட்டாங்க, "பச்சைத் தொப்பிக்காரனுங்க"தான். 42 கமாண்டோ அப்போ இங்கதான் இருந்துச்சு, 1971ல கிளம்பிட்டாங்க. 1962 டிசம்பர்ல புருனே கலகத்தப்போ சரவாக்ல லிம்பாங்ங்கிற ஊர்ல கலகக்காரங்க பிணைக்கைதிகளைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. இந்த 42ல ஒரு கம்பெனி ஆத்து வழியா சாதாரண சரக்குப் படகுல போய் விடியக்காலை இறங்கி மீட்டுச்சு, அஞ்சு மரீன் செத்தாங்க. அதை நடத்தின கேப்டன் ஜெரமி மூர், இருபது வருஷம் கழிச்சு ஃபாக்லாந்து தீவுப் போர்ல அர்ஜென்டினாக்காரங்க சரணடைஞ்சப்போ கையெழுத்து வாங்கின மேஜர் ஜெனரல், ரெண்டும் ஒரே ஆளு!

அரைக்காப்பி:

அண்ணே செம. ஃபாக்லாந்துல இவங்க நடந்தே போனாங்கன்னு வீடியோவுல சொல்றான், ஹெலிகாப்டர் இல்லையா என்ன? அப்புறம் டெவன் அண்ணே, படகு ஓட்டுறவங்க தோள் மேலதான் எல்லாம்னு சொல்லிட்டு பாதியில விட்டுட்டீங்க.

டெவன்_மச்சான்:

இருந்துச்சு, நிறைய மூழ்கிடுச்சு. 1982 மே 25ல அட்லாண்டிக் கன்வேயர்ங்கிற கப்பல் ஏவுகணை பட்டு எரிஞ்சதுல உள்ள இருந்த ஹெலிகாப்டரெல்லாம் போச்சு, பெரிய சினூக்ல தப்பினது ஒன்னே ஒன்னு. அப்புறம் என்ன, 45 கமாண்டோ கரையிறங்கின சான் கார்லோஸ்ல இருந்து மூட்டையைத் தூக்கிட்டு நடந்தாங்க, 56 மைல், மூணு நாள், ஆளுக்கு சுமார் 36 கிலோ, கீழ பூரா சதசதன்னு சதுப்பு நிலம். இந்த நடைக்கு அவங்க பாஷையில யோம்ப்னு பேரு, அந்த வார்த்தையை ஊர் முழுக்கத் தெரிய வச்சதே அந்தப் போர்தான். நடந்து போய் சும்மா இருக்கல, ஜூன் 11 ராத்திரி 45 டூ சிஸ்டர்ஸ் மலையையும் 42 மவுண்ட் ஹாரியட்டையும் பிடிச்சாங்க, 14ஆம் தேதி சரணாகதி.

படகு விஷயத்துக்கு வர்றேன். சின்ன லேண்டிங் கிராஃப்ட்ல 35 பேர் ஏறலாம், பெருசுல ஒரு டாங்கியே ஏத்தலாம். ஓட்டுறவரு அலையைக் கணக்கு பண்ணி மணல்ல முட்டி நிறுத்தி முன் கதவை இறக்கணும், கொஞ்சம் முன்னாடியே இறக்கிட்டா முழு மூட்டையோட கழுத்தளவு தண்ணி. மணல்ல சிக்கிக்கிச்சுன்னா பின்னாடி வர்ற படகுக்கெல்லாம் வழி அடைச்சிடும், அதைத் திரும்பக் கடலுக்குள்ள தள்ளிவிடுறதுக்குன்னே டாங்கி அடிச்சட்டத்துல கட்டின ஒரு வண்டி இருக்கு, செல்லப் பேரு ஹிப்போ, பாக்கவும் அப்படித்தான் இருக்கும்.

ஆனா 2024 நவம்பர்ல ஆல்பியன், புல்வார்க் ரெண்டு கப்பலையும் ஓய்வு குடுக்கிறோம்னு அறிவிச்சுட்டாங்க, பெரிய லேண்டிங் கிராஃப்ட்டை நாலு நாலா வயித்துக்குள்ள வச்சு தண்ணியில இறக்கி விட்டது அந்த ரெண்டுதான். இப்போ 'பே' (Bay) வகை துணைக் கப்பல்ல இருந்து சின்னச் சின்ன குழுவா போய் அடிச்சுட்டு வர்றதுதான் புது திட்டம்னு சொல்றாங்க. 1940ல ஆரம்பிச்ச வேலைக்கே திரும்பப் போறாங்க, எனக்கு என்னவோ இது திட்டத்தைவிட பட்ஜெட் மாதிரிதான் தெரியுது.

நீச்சல்_தெரியாதவன்:

ஒரே வரின்னு சொன்னதுக்கு சாரி அண்ணே. அந்த வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கிட்டு ட்ரம் அடிக்கிறாங்களே, அவங்களும் மரீன்ஸா?

டெவன்_மச்சான்:

ஆமா, பேண்ட் சர்வீஸ். சண்டைன்னு வந்தா வாத்தியத்தை வச்சுட்டு அடிபட்டவங்களைத் தூக்கப் போயிடுவாங்க. சரி, என் ஸ்டேஷன் வந்துடுச்சு, மிச்சம் சாயந்திரம்.