ஒன்றேகால் வயதுக் குழந்தை பாலை மட்டுமே குடிக்கிறான். மூளை வளர்ச்சி பாதிக்குமா?

கேள்வி (திருமங்கலம், ஒரு தாய்):
என் மகன் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பசும்பாலைப் புட்டியில் குடிக்கிறான். சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்கிறான். ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருக்கிறது என்று மருத்துவர் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதித் தந்திருக்கிறார். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்கிறார் மாமியார். மூளை வளர்ச்சிக்கென்று டப்பாவில் விற்கும் பவுடரைப் பாலில் கலந்து கொடுக்கச் சொல்கிறார் நாத்தனார். எதைச் செய்வது?

பதில் 1 (மேலூர் வட்டாரம், அங்கன்வாடிப் பணியாளர்):
சகோதரி, உடம்பின் பருமனை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். கருவுற்றதிலிருந்து 2 வயது முடியும் வரையிலான ஏறத்தாழ 1000 நாள்களில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் உறை படியவும், நினைவாற்றலுக்குரிய பகுதி உருப்பெறவும் இரும்புச்சத்து இன்றியமையாதது. இந்த வயதில் ஏற்படும் குறை நீடித்தால், பின்னர் ரத்தம் ஊறினாலும் படிப்பிலும் கவனத்திலும் அதன் பாதிப்பு தங்கிவிடக்கூடும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கிறது. வயிறு நிரம்பிவிடுவதால் பசியும் எடுப்பதில்லை. ஆகவே, அவன் வாயை மூடிக்கொள்வதை அடம் என்று நான் நினைக்கவில்லை. பாலை அரை லிட்டருக்குள் குறைத்து, புட்டியை நிறுத்தி, சோறு ஊட்டிய பிறகு டம்ளரில் கொடுங்கள். பவுடர் கலந்தால் பால்தான் கூடும். மாதந்தோறும் உங்கள் ஊர் பால்வாடிக்குத் தூக்கிச்சென்று எடையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நெடுநாள் சத்துக்குறை உயரத்தில்தான் தெரியும்.

பதில் 2 (செல்லூர், ஒரு தந்தை):
எங்கள் மகளுக்கு ஆட்டுச் சுவரொட்டியை (மண்ணீரலை) நன்றாக வேகவைத்து, மேல்தோலை உரித்து, விரலால் மசித்துக் குழைந்த சோற்றில் பிசைந்து ஊட்டினோம். கறி சேர்க்காத வீடென்றால் பாசிப்பருப்போடு முருங்கைக்கீரையைக் கடைந்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும், கீரையின் இரும்பை உடலில் சேர்ப்பது அதுதான். நம் பக்கத்தில் ரஸ்க்கை டீயில் நனைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். டீ இரும்பைச் சேரவிடாது.

பதில் 3 (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை):
உணவோடு பேச்சும் விளையாட்டும் வேண்டும். ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வில், கூடுதல் உணவு பெற்றவர்களும், தாயுடன் விளையாடப் பயிற்சி பெற்றவர்களும் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களே மிகுதியாக முன்னேறினார்கள். ஊட்டும்போது கைப்பேசியைக் காட்டாமல், காக்காயையும் தெருவில் போகும் மாட்டையும் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சொட்டு மருந்தைப் பாலில் கலந்து கொடுக்கலாமா?

பதில் 1-ஐ எழுதியவர்:
கூடாது. பால் குடிக்காத வேளையில் தனியாகக் கொடுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மருந்தின் இயல்பு அது. ஹீமோகுளோபின் ஏறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடலின் இருப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் தேவைப்படும் என்பதால், மருத்துவர் சொல்லும் வரை தொடருங்கள்.