தூறல் விடாத இடத்தில் ஹாப்ஸ் கொடி: கூம்பு எல்லாம் பழுப்பாகிறது, என்ன செய்யலாம்?

ஈரத்தோட்டம் கேட்டது:

வணக்கம். வீட்டுச் சுவரை ஒட்டி ஹாப்ஸ் கொடி வைத்திருக்கிறேன், பீருக்குக் கசப்பும் மணமும் சேர்க்கக் கூம்பு மாதிரியான அதன் பூவைப் போடுவார்களே, அதுதான். எங்கள் பக்கம் கடுங்குளிரும் கிடையாது, கொளுத்தும் வெயிலும் கிடையாது, ஆனால் எப்போது பார்த்தாலும் தூறல், இல்லையென்றால் மூடுபனி, காலையில் வெகுநேரம் வரைக்கும் இலை நனைந்தே கிடக்கும். கொடி என்னவோ மதமதவென்று ஏறிக் கூரையைத் தொட்டுவிடுகிறது, அதில் குறையில்லை. சிக்கல் கூம்பு பிடித்த பிறகுதான். கசக்கினால் வாசனை தூக்கும்படி பச்சையாக இருந்தவை பறிக்கும் நேரத்துக்குள் பழுப்பாகிவிடுகின்றன, சிலவற்றில் மடல்கள் மட்டும் வரிவரியாக, சிலது முழுசாகவே காப்பிப்பொடி நிறத்தில். கீழ் இலைகளில் மஞ்சள் திட்டும் இருக்கிறது. கந்தகம் கரைத்து அடித்தும் ஒரு மாற்றமும் இல்லை. இந்தத் தட்பவெப்பத்துக்கு ஹாப்ஸ் சரிப்படாதா?

அப்புறம் இன்னொன்று, பார்க்கிறவர்கள் எல்லாம் இது கஞ்சாவா என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள். அதற்கும் யாராவது ஒரு பதில் சொல்லுங்கள்.

பூசணவேட்டை:

சரிப்படாமல் என்ன, ஈரமான மிதமான இடங்களில் காலங்காலமாக வளர்க்கிற பயிர்தானே இது. மருந்தை விடுங்கள், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்பக்கம் நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலாக மஞ்சள் திட்டு, அதே இடத்தில் அடிப்பக்கம் கருஞ்சாம்பல் நிறத்தில் புகை படிந்த மாதிரி இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். மாவு தூவின மாதிரி வெள்ளை வட்டமாக, மேல்பக்கத்திலும் தெரிந்தால் அது சாம்பல் நோய். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்துவிடுகிறார்கள், உண்மையில் உறவே கிடையாது. அடிச்சாம்பல் நோய்க்கு இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும், அப்போதுதான் பூசண வித்து முளைத்து உள்ளே போகும். சாம்பல் நோய்க்குத் தண்ணீர் தேவையில்லை, காற்றில் ஈரப்பதமும் நிழலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய இதமான வெப்பமும் போதும், இலை சொட்டச் சொட்ட நனைந்தால் அதற்கே ஆகாது.

நீங்கள் சொல்கிற வரிவரிப் பழுப்பும் எப்போதும் நனைந்த இலையும் அடிச்சாம்பல் நோயைத்தான் காட்டுகின்றன. கந்தகம் சாம்பல் நோயைத்தான் தடுக்கும், இதை ஒன்றும் செய்யாது. இதற்குத் தாமிரம் கலந்த பூசணக்கொல்லி உண்டு, ஆனால் அது வருமுன் காக்கத்தான், உள்ளே போன பூசணத்தை வெளியே இழுக்காது. ஒன்று மட்டும் கவனியுங்கள், கூம்பின் நுனி மட்டும் பழுப்பாகி அதில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி கட்டியிருந்தால் அது போட்ரைட்டிஸ் என்கிற வேறொரு பூசணம், மழை நீடித்தால் வரும், பெரும்பாலும் நுனியோடு நின்றுவிடும்.

கஞ்சா கேள்விக்கு: இரண்டும் ஒரே குடும்பம், கன்னாபேசியே. ஆனால் ஹாப்ஸ் சுற்றி ஏறும் கொடி, இலை மூன்று அல்லது ஐந்து மடலாகத் திராட்சை இலை சாயலில் இருக்கும். கஞ்சா நிமிர்ந்து நிற்கும் செடி, இலை விரல் விரலாகத் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். போதை தரும் டிஎச்சி ஹாப்ஸில் கிடையாது. இதைச் சொல்லியும் நம்பாதவர்களிடம் ஒரு கூம்பைக் கிள்ளி வாயில் போடச் சொல்லுங்கள், அந்தக் கசப்பிலேயே பேச்சு நின்றுவிடும்.

கத்தரிக்கோல்:

மேலே சொன்னது சரி, ஆனால் தாமிரத்தைப் பிறகு பார்க்கலாம், வசந்தத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடிச்சாம்பல் நோய்ப் பூசணம் வேர்க்கட்டையிலும் மொட்டுகளிலும் தங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும், துளிர் வரும்போது அதோடு சேர்ந்து வெளியே வரும். குட்டையாக, வெளிறின மஞ்சளாக, கணுக்கள் நெருங்கி, இலை கீழ்நோக்கிச் சுருண்டு, தொட்டால் படக்கென்று ஒடிகிற துளிர் ஏதாவது தென்பட்டதா? அதுதான் நோயின் ஊற்றுக்கண். பார்த்தவுடன் அடியோடு கிள்ளி, தோட்டத்தை விட்டே அகற்றுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள்.

நான் முதலில் வரும் துளிர் முழுவதையும் தரைமட்டத்தில் வெட்டிவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும், கொடிக்கு ஒன்றும் ஆகாது, இரண்டாவது துளிர் வீரியமாகவே வரும், நோயும் அந்த அளவு குறையும். அதில் கயிற்றுக்கு இரண்டு மூன்று கொடி மட்டும் ஏற்றிவிட்டு (மேலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில், எதிர்த்திசையில் சுற்றினால் தானே அவிழ்த்துக்கொள்ளும்) மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எல்லாத் துளிரையும் ஏற விடுகிற ஆசைதான் ஈரமான இடத்தில் கெடுக்கிறது, புதர் மாதிரி அடர்ந்த பிறகு உள்ளே காற்றும் நுழையாது, மருந்தும் நுழையாது. கொடி நன்றாக மேலே ஏறியதும் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு இலையையும் பக்கக்கிளையையும் உருவி விடுங்கள், தரையிலிருந்து தெறிக்கும் மழைத்துளிதான் பூசணத்தை மேலே கொண்டுபோகிறது. கொடி பிஞ்சாக இருக்கும்போது உருவ வேண்டாம், வளர்ச்சி தடைபடும்.

சுவரை ஒட்டி இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. கயிற்றைச் சாய்வாகக் கட்டி, கொடியைச் சுவரிலிருந்து விலக்கப் பாருங்கள். தழைச்சத்து உரத்தைக் கோடையின் நடுவோடு நிறுத்துங்கள், கொழகொழவென்ற புது இலை என்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம்.

ஈரத்தோட்டம்:

இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதுதான் போய்த் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் கருஞ்சாம்பல்தான், வெள்ளை மாவு எங்கேயும் இல்லை. வசந்தத்தில் அந்தக் குட்டைத் துளிர்களும் வந்தன, ஏதோ சத்துக்குறைவு என்று உரம்தான் வைத்தேன். வகை எது என்று தெரியாது, கிழங்கு கொடுத்தவர் சொல்லவில்லை. பேசாமல் பிடுங்கிவிட்டு வேறு வகை வைக்கலாமா?

பழங்கொடி:

ஒரு பருவம் கத்தரிக்கோல் சொன்னபடி செய்து பாருங்கள், அப்புறம் பிடுங்குவதைப் பற்றி யோசிக்கலாம். வைப்பதென்றால் ஃபகிள் வையுங்கள், இங்கிலாந்தின் பழைய வகை, அடிச்சாம்பல் நோயை ஓரளவு தாங்கும். கேஸ்கேடும் தாங்கும், 1972ல் வெளிவந்த அமெரிக்க வகை, அதன் மூதாதையரில் ஃபகிளும் உண்டு. ஆனால் கேஸ்கேடை இப்போது சாம்பல் நோய் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, அதனால் எதற்கும் அசையாத வகை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளஸ்டர் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், ஈரத்தில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்காது. புதுக் கிழங்கைப் பழைய குழியிலேயே வைத்துவிடாதீர்கள்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை, பழுப்பு எல்லாமே நோய் இல்லை. கூம்பு முற்றிப்போனாலும் பழுப்பாகும், காற்றில் ஒன்றோடொன்று உரசினாலும் பழுப்பாகும். அமுக்கினால் காகிதம் மாதிரி சரசரத்து, விட்டதும் பழைய வடிவத்துக்கு வருகிறதா பாருங்கள், நீளவாக்கில் பிளந்தால் உள்ளே லுபுலின் தூள் (கசப்பும் மணமும் இருப்பது இதில்தான்) அடர்மஞ்சளாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் பறித்துவிடுங்கள், இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்று மழையில் விட்டுவைக்காதீர்கள். ஈரம் இல்லாத நேரம் பார்த்துப் பறித்து, வலைத்தட்டில் மெலிதாகப் பரப்பி, வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் காயவிட வேண்டும். பச்சைக் கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அது பத்து சதவீதத்துக்கு வர வேண்டும். மடல் சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும், நடுக்காம்பை வளைத்துப் பாருங்கள், வளைந்தால் இன்னும் காயவில்லை, ஒடிந்தால் சரி.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பறியுங்கள், தண்டில் இருக்கிற கொக்கி முடி கையைக் கீறி அரிப்பு எடுக்கும். நாய் இருந்தால் கூம்பு அதன் வாய்க்கு எட்டக் கூடாது, காய்ந்ததும் சரி, வேகவைத்துப் போட்ட சக்கையும் சரி. தின்றால் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகும், தின்றது தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.