அம்மாவுக்கு எச்பி 7.2, மாத்திரை போட்டும் ஏறல, என்ன பண்றது?

கயல்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 46 வயசு, போன வாரம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி பாதியிலேயே உக்காந்துட்டாங்க, கூட்டிட்டுப் போய் ரத்தம் பாத்தா எச்பி (ஹீமோகுளோபின்) 7.2. ஆறு மாசமா இரும்புச்சத்து மாத்திரை இருக்கு ஆனா வயிறு எரியுது, வெளிய கறுப்பா போகுதுன்னு பயந்துட்டு நாலு நாள் போட்டா பத்து நாள் விட்டுடுறாங்க, போடுற நாள்லயும் இட்லி சாப்ட்டு காபியோட முழுங்குறாங்க. அப்புறம் பச்சரிசிய வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்காங்க, முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தத நானே பாத்தேன். தினம் பீட்ரூட் ஜூஸ் மாதுளை குடுக்குறேன், ஒண்ணும் ஏறல. வேற என்ன குடுக்கலாம்?

வார்டு அக்கா:
கயல், நான் 18 வருஷமா நர்ஸா இருக்கேன். முதல்ல அரிசிக்காக அம்மாவ திட்டாதம்மா. பச்சரிசி, விபூதி, சிலேட்டுக் குச்சி, ஐஸ்கட்டி இதெல்லாம் திங்கத் தோணுறது இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு வர்றதுதான், சத்து ஏறினா பெரும்பாலும் தானா போயிடும். பீட்ரூட் கலரப் பாத்து ஏமாறாத, அதுல 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்பு கூட இல்ல. ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) சாப்பிடுவாங்கன்னா குடு, கீரை பயறோட எலுமிச்சை நெல்லிக்காய் சேத்துக்கோ, ஆனா 7.2க்கு சாப்பாடு மட்டும் பத்தாது.

மாத்திரைய காபி, டீ, பால், கால்சியம் எதோடயும் போடக்கூடாது, ரெண்டு மணி நேரம் தள்ளி வச்சுக்கோ. வெறும் வயித்துல எரிஞ்சா ராத்திரி சாப்ட்டப்புறம் போடட்டும், கொஞ்சம் கம்மியா சேந்தாலும் பரவால்ல விடாம போடணும். ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளு, இரும்பு உள்ள போனதும் ஈரல்ல ஹெப்சிடின்னு ஒண்ணு சுரந்து ஒரு நாளைக்கு குடல்ல கதவ சாத்திடும், அடுத்த மாத்திரை இரும்பு அவ்வளவா உள்ள போகாது. கறுப்பா போறது மாத்திரையால, ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னு நாத்தமா போனா உடனே காட்டணும். சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ மயங்கினாலோ நேரா ஆஸ்பத்திரி.

இப்ப நான் கேக்குறேன், ரத்தம் எங்க போகுது? தீட்டு எத்தனை நாள், கட்டி கட்டியா போகுதா? நம்ம தமிழ்நாட்டுல 2019-21 குடும்ப நல சர்வேல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை, தீட்டு அதிகமா போறத நெறைய பேர் வாய விட்டுச் சொல்றதே இல்ல.

முருகேசன்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. எங்கப்பாவுக்கு 8 இருந்துச்சு, சுவரொட்டி வாங்கி வாங்கிக் குடுத்தோம், கடைசில எண்டாஸ்கோபி பாத்தா முட்டி வலி மாத்திரை வருஷக்கணக்கா போட்டு வயித்துல புண்ணு, அதுலேர்ந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. ஆம்பளைக்கும் தீட்டு நின்ன பொம்பளைக்கும் ரத்தம் குறைஞ்சா குடல பாக்காம விடக்கூடாதுன்னு அப்ப டாக்டர் சொன்னாரு. ஃபெரிட்டினும் (உடம்புல சேந்திருக்குற இரும்போட அளவு) பாத்துடுங்க, எங்க சொந்தத்துல ஒரு பொண்ணுக்கு அது நார்மல், இருந்தது தலசீமியா மைனர்னு பரம்பரையா வர்ற ரத்தக் குறை, ரெண்டு வருஷம் வீணா இரும்பு முழுங்குச்சு.

கயல்:
அக்கா, கேட்டேன். மாசம் ஒம்போது நாள் போகுதாம், ராத்திரி நாப்கினுக்கு மேல பழைய புடவைத் துணி வச்சுக்கிட்டு விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சு யாருக்கும் தெரியாம அலசிப் போட்டுடுவாங்களாம், ஒரே வீட்ல இருந்தும் எனக்குத் தெரியல. ஸ்கேன்ல கர்ப்பப்பையில கட்டி, ஃபெரிட்டின் 4. ரத்தப்போக்குக்கு மாத்திரை குடுத்துட்டு இரும்ப டிரிப்ஸ்ல ஏத்தலாம்னாங்க. பயமா இருக்கு.

வார்டு அக்கா:
பயப்படாத, நாங்க தினம் ஏத்துறோம். பக்கத்துலயே உக்காரு, அரிப்பு, மூச்சுத்திணறல், தலைசுத்தல் எது வந்தாலும் சிஸ்டர கூப்பிடு, முடிஞ்சப்புறம் அரை மணி நேரம் அங்கயே இருங்க. ஊசி போட்ட இடம் வலிச்சாலோ வீங்கினாலோ உடனே சொல்லணும், மருந்து வெளிய கசிஞ்சா தோல்ல பழுப்புக் கறை ரொம்ப நாள் நிக்கும். நாலு வாரம் கழிச்சு எச்பி பாரு. அப்புறம் அந்த துணி அலசுற வேலைய இனிமே நீ வாங்கிக்கோம்மா.