மணப்பாட்டுத் திமிங்கிலங்களைக் கரையேற்றியது சூரியனா?

இயற்பியல் வாத்தியார்:
2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியது நினைவிருக்கும். 80-க்கு மேல் வந்தன, 45 செத்தன என்று பத்திரிகைகளில் படித்தோம். அதே வாரம் ஐரோப்பாவில் வடகடல் கரையிலும் ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஒதுங்க ஆரம்பித்தன. ஜனவரி 8-இல் தொடங்கி பிப்ரவரிக்குள் 30.

2017-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்து வான்செலோ குழுவினர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். 2015 டிசம்பர் 20, 21-இல் அடித்த சூரியப் புயல், அதாவது சூரியன் வீசியெறிந்த மின்துகள் வீச்சு, பூமியின் காந்தப்புலத்தைக் கலைத்துவிட்டது. நார்வேக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே கடலடிப் பாறைகளால் ஒரு காந்த மேடு உண்டு. காந்தப்புலத்தை வைத்து வழி தேடும் திமிங்கிலங்களுக்கு அது வேலி மாதிரி. புயலில் வேலி தெரியாமல் போக, ஆழம் குறைந்த வடகடலுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டன என்கிறார்கள்.

நம் கரையிலும் அதுதானே நடந்திருக்க வேண்டும்? இன்னொன்று: 1973 ஜனவரி 14-இல் மணப்பாட்டுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையே 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. இடைவெளி 43 ஆண்டு. சூரியனின் சீற்றம் ஏறி இறங்கும் சுழற்சி 11 ஆண்டு. 11-ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

காந்தமானி:
பெருக்கினேன் சார், 44 வந்தது. ஜோசியம் மாதிரி இருக்கிறது.

1973-க்கு முந்தைய சூரிய உச்சம் 1968 கடைசியில். 2016-க்கு முந்தையது 2014 ஏப்ரலில். ஒன்று உச்சம் போய் நாலு வருஷம் கழித்து, இன்னொன்று இரண்டு வருஷம்கூட ஆகாமல். எந்தக் கட்டத்தில் பொருந்துகிறது? 2020 செப்டம்பரில் டாஸ்மேனியாவின் மக்குவாரி துறைமுகத்தில் சுமார் 470 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் அவ்வளவு பெரிய கூட்டம் ஒதுங்கியதில்லை. அதே ஆண்டு நவம்பரில் இலங்கையில் பாணந்துறையில் நூற்றுக்கு மேல். சூரியச் சுழற்சி அடிமட்டத்தைத் தொட்டது 2019 டிசம்பரில். 2020 முழுக்கச் சூரியன் அரைத்தூக்கத்தில்தான் இருந்தது.

அப்புறம் இடம். சூரியப் புயல் காந்தப்புலத்தை மிக மோசமாக ஆட்டுவது துருவப் பக்கம். நார்வே அங்கே இருக்கிறது, மணப்பாடு இல்லை. அந்த டிசம்பர் புயலில் நம் அட்சரேகைகளில் புலம் சுமார் 150 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) இறங்கியிருக்கும். மொத்தப் புலமே 40,000 சொச்சம். அரை சதவீதம்கூட இல்லை.

நம் தென்முனைக்கு மேலே, காந்த நடுக்கோட்டை ஒட்டி, நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் போட்டதே அதைத் துருவத்தான். திருநெல்வேலி ஆய்வகத்தில் இன்றைக்கும் அதை அளக்கிறார்கள். எந்தப் புயலும் இல்லாத சாதாரண நாளிலேயே உச்சிவேளையில் அது 100 நானோடெஸ்லா வரை புலத்தை ஏற்றி இறக்கும். அந்த ஆட்டத்தைத் தினமும் பார்த்துப் பழகிய திமிங்கிலம் 150-க்குத் தடுமாறும் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது.

மாட்டு டாக்டர்:
நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிறவன், திமிங்கிலத்தைத் தொட்டதில்லை. ஆனால் நீங்கள் இருவரும் செத்த உடம்பை விட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வடகடல் திமிங்கிலங்களை ஐந்து நாட்டுக்காரர்கள் சேர்ந்து அறுத்துப் பார்த்தார்கள். எல்லாம் இளம் ஆண்கள், நல்ல சதைப்பிடிப்பு. பட்டினியும் இல்லை, கப்பல் மோதிய காயமும் இல்லை, கூட்டத்தையே கொல்கிற தொற்றும் இல்லை. ஜெர்மனியில் ஒன்றின் வயிற்றில் 13 மீட்டர் இறால் வலை இருந்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன, ஆனால் சாவுக்குக் காரணம் அது இல்லை என்றுதான் அறிக்கை. ஒரே காரணம் என்று எதையும் அவர்கள் கைகாட்டவில்லை. சூரியனையும் சேர்த்துத்தான்.

கரையில் எப்படிச் சாகிறது என்பதற்கு என் தொழிலிலேயே உதாரணம் உண்டு. கன்று போட்ட மாடு பால் காய்ச்சலில் படுத்துவிட்டால், வீட்டுக்காரரிடம் நான் முதலில் கேட்பது 'எத்தனை மணி நேரமாக இதே பக்கம் கிடக்கிறது?' என்றுதான். ஊசியில் சுண்ணாம்புச் சத்து ஏற்றினால் நோய் தெளிந்துவிடும், மாடு எழுந்திருக்காது. அதன் கனமே அடியில் மாட்டிய தொடைச் சதையை நசுக்கியிருக்கும். சிதைந்த சதையின் நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் காப்பி டிகாஷன் நிறத்தில் போகும். நானூறு கிலோ மாட்டுக்கே இந்தக் கதி. தண்ணீர் தாங்கியே பழகிய, ஒன்றிரண்டு டன் எடையுள்ள உடம்பை மணலில் போட்டால்? நெஞ்சு அமுங்கும், கொழுப்புப் போர்வைக்குள் உடம்பு வெந்துபோகும். கடலில் திரும்பத் தள்ளிவிட்டாலும் சிலது பிழைக்காததற்கு இதுவும் காரணம்.

கல்லாமொழிக்காரன்:
டாக்டர் சொன்னது சரி. 2016-இல் நான் மணப்பாட்டுப் பக்கத்துக் கரையில் நின்றவன்.

ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் அலை உடைகிற இடத்தில் கருகருவென்று முதுகுகள். உசுப்பும்போது 'புஸ்' என்று மூச்சு விடும், அழுகின மீன் வாடையோடு தண்ணீர் முகத்தில் தெறிக்கும். கயிறு போட்டு வள்ளத்தில் கட்டி ஆழத்துக்கு இழுத்து விட்டோம். வள்ளம் கரைக்குத் திரும்புவதற்குள் அதுவும் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. கரையில் கிடந்தது ஒன்று கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அதை நோக்கித்தான் வந்தது என்பார் எங்கள் பெரியப்பா. காந்தமோ என்னமோ, எனக்குப் பட்டது அதுதான். மறுநாள் வெயிலில் தோல் வெடித்து உரிந்தது. பொக்லைன் வைத்துக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்களே, அந்த அதிர்வாக இருக்குமோ?

காந்தமானி:
அடிக்கல் நாட்டியது 2024-இல். திமிங்கிலம் வந்தது 2016-இல்.

இயற்பியல் வாத்தியார்:
ஜோசியக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். சூரியனை வாங்கவில்லை.

2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் பசிபிக் கரையில் 1985 முதல் 2018 வரை உயிரோடு ஒதுங்கிய 186 சாம்பல் திமிங்கிலங்களை எடுத்துக்கொண்டார்கள். நோய்ப்பட்டது, காயம்பட்டது, மெலிந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்ட மீதிதான் இந்த 186. டாக்டர் கவனிக்கவும். சூரியனால் ரேடியோ இரைச்சல் மிகுந்த நாட்களில் ஒதுங்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல். காந்தப்புலம் எவ்வளவு நகர்ந்தது என்பதோடு பெரிய தொடர்பு இல்லை. அதாவது காந்தப்புலம் என்கிற வரைபடம் தப்பாகவில்லை, அதைப் படிக்கிற திமிங்கிலத்தின் கண் குருடாகிறது. அப்படியானால் உங்கள் 150 நானோடெஸ்லா கணக்கு எதற்கு?

காந்தமானி:
ஆமாம், இது நல்ல அடி. சூரியனின் ரேடியோ வெடிப்பு பகல் பக்கம் முழுவதும் விழும், துருவம் நடுக்கோடு என்று பார்க்காது. என் அட்சரேகை வாதம் இதற்குச் செல்லாது.

ஆனால் சாம்பல் திமிங்கிலம் பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ போவது, எதிரொலி வைத்து வழி தேடாதது. காந்தத்தை நம்பினால் வியப்பில்லை. பைலட் திமிங்கிலம் எதிரொலியில் இரை பிடிப்பது, கூட்டத்தை விட்டுப் பிரியாதது. முன்னால் போகிற ஒன்று நோயிலோ குழப்பத்திலோ மேட்டில் ஏறினால் எண்பதும் ஏறும். கல்லாமொழி அண்ணாச்சி பார்த்தது அதைத்தான். மேலும் டிசம்பர் 21-க்கும் ஜனவரி 11-க்கும் நடுவே மூன்று வாரம். வடகடலுக்கு அது நீந்தி வந்து சேர்ந்த நேரம் என்கிறார்கள். குருடான கண்ணுக்கு மூன்று வாரம் எதற்கு?

மாட்டு டாக்டர்:
அந்த 186-இல் 'நோய் இல்லை' என்பது பெரும்பாலும் வெளியில் பார்த்துச் சொன்னது. வெளியில் கொழுகொழுவென்று இருந்து, அறுத்தால் ஈரல் முழுக்கப் புழு நிற்கிற ஆட்டை வாரம் ஒன்று பார்க்கிறேன்.

சாட்சி கரையில்தான் இருக்கிறது. 2002-இல் கேனரி தீவுகளில் சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி) வைத்து நடந்த கடற்படைப் பயிற்சியின்போது அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அங்கே மருத்துவர்கள் புத்தம்புதுப் பிணங்களை அறுத்ததால்தான் உறுப்புகளில் வாயுக் குமிழிகளைக் கண்டார்கள். 2004-இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றி அந்தச் சோனாரைத் தடை செய்தது. காது கெட்டிருக்கிறதா என்று பார்க்க உள்காதைச் சில மணி நேரத்துக்குள் எடுத்துப் பதப்படுத்த வேண்டும். நம் வெயிலில் மறுநாள் காலை வயிறு ஊதி நிற்கும் பிணத்தில் அது கூழாகியிருக்கும்.

இயற்பியல் வாத்தியார்:
சரி டாக்டர், காது உங்களுக்கு, வானம் எனக்கு. 2016 ஜனவரி 9, 10, 11 மூன்று நாளும் ரேடியோ இரைச்சல் எப்படி இருந்தது என்று தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை என்றாலும் இங்கேயே எழுதுகிறேன்.

கல்லாமொழிக்காரன்:
அப்படியே ஜனவரியில் வாடைக்காற்று எப்படி அடித்தது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது என்றும் பாருங்கள் சார். 73-ம் ஜனவரி, 16-ம் ஜனவரி. பெரியப்பா இரண்டையும் பார்த்தவர். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.