2 வட்டிக்கு பணம் வாங்கி சைட் போடலாமா, எப்படி கட்டி முடிக்கறது?

பல்லடத்தான்:
காரமடை பக்கம் 5 சென்ட், டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அப்ரூவல் வாங்குன சைட்டுங்க, 30 லட்சம். ஓனர் வீட்ல கல்யாணம், 20 நாள்ல கிரயம் முடிக்கணுமாம், அதான் இந்த ரேட்டு. கைல 18 இருக்கு, கிரயச் செலவு போக 15 துண்டு விழுது. தெரிஞ்சவர் 2 வட்டிக்கு தர்றேன்னாருங்க, 6 மாசத்துல வித்து கட்டிரலாம்னு இருக்கேன்.

கணக்கு அக்கா:
விக்கலன்னா எதுல இருந்து கட்டுவீங்க தம்பி? அதை எழுதவே இல்லையே. 15 லட்சத்துக்கு மாசம் 30,000 வட்டி, 6 மாசத்துக்கு 1.80. முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 பெர்சன்ட்டுக்கு 2.70. சைட் 4.50 ஏறினாதான் போட்ட காசே கைக்கு வரும். ஒரு வருஷம் இழுத்தா 6.30 ஏறணும், ப்ரோக்கர் கமிஷன் தனி.

சைட் செல்வம்:
இப்படியே கணக்கு பாத்தா யாரும் சைட்டே வாங்க முடியாதுங்க. பேங்க்ல லீகல், வேல்யூவேஷன்னு முடிச்சு வர்றதுக்குள்ள சைட் கைமாறிரும். நான் 3 சைட் வெளிப்பணத்துலதான் பண்ணேன், வட்டியையும் ஒரு செலவா எழுதிக்கிட்டு வாங்குற வெலையிலயே அடிச்சுப் பேசிடணும்.

ஒரத்தநாட்டான்:
நானும் அப்படித்தாங்க நெனச்சேன். 2016 ஆகஸ்ட்ல 8 லட்சம் 2 வட்டிக்கு வாங்கி மனை போட்டேன், செப்டம்பர்ல ஹைகோர்ட்டு அப்ரூவல் இல்லாத மனைக்கு பதிவு கூடாதுன்னுடுச்சு, நவம்பர்ல 500, 1000 நோட்டு செல்லாம போச்சு, மனை பாக்க ஒரு ஆள் வரல. 22 மாசம், மாசம் 16,000. கடைசில வீட்டுக்காரம்மா நகைய பேங்க்ல வெச்சுதான் அசலை அடைச்சேன், அதை இன்னிக்கு நெனச்சாலும் மனசு கேக்க மாட்டேங்குது.

சைட் செல்வம்:
உங்களுது அன்அப்ரூவ்டு சார், இவரோடது டிடிசிபி. ரெண்டும் ஒண்ணா?

கணக்கு அக்கா:
நோட்டு செல்லாதுன்னப்போ அப்ரூவ்டு மனைக்கும்தான் ஆள் வரல. தம்பி, வாங்கறதுன்னா இப்படி செய்ங்க. தவணைய இப்பவே 12 மாசம்னு பேசுங்க. வட்டி சம்பளத்துல இருந்து போகணும், மாசம் 30,000 அதுல முடியாதுன்னா 15 வாங்காதீங்க. வீட்ல நகை இருந்து அவங்களும் மனசார சரின்னா பாதிய நகைக்கடன்ல எடுங்க, பேங்க்ல 1 வட்டிக்கும் கீழதான் வரும். பணம் அக்கவுன்ட்லயே வரட்டும், 20,000மோ அதுக்கு மேலயோ ரொக்கமா கடன் வாங்கினா வருமான வரில அதே அளவு அபராதம் போடலாம். அசல் கட்டறப்பல்லாம் புரோநோட்டு பின்னாடி வரவு எழுதி கையெழுத்து வாங்குங்க, வெத்து செக்கு மட்டும் குடுத்துராதீங்க.

பல்லடத்தான்:
சம்பளத்துல 18,000 வரைக்கும்தான் முடியும்க்கா. அப்ப 9 லட்சத்துக்கு மேல வாங்கக்கூடாது. மிச்ச 6க்கு ஓனர் 3 மாசம் டைம் தருவாரான்னு நாளைக்கு நேர்ல போய் கேக்கறேன், ஒத்துக்கலன்னா இந்த சைட்ட விட்டர்றேங்க.