இருபது வயது வீரரைக் கொடுத்து அனுபவசாலியை வாங்கலாமா?

கேள்வி: ஹட்டன் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் பேஸ்போல் ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரைக்கு வருவதால், தோட்டத்தில் காலைப் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஆள் கூடுவதற்குள் ஐந்தாறு இன்னிங்ஸ் பார்த்துவிடுவது எனக்கும் அண்ணனுக்கும் வழக்கம். ஜூலை இறுதியில் வீரர் பரிமாற்றக் காலக்கெடு நெருங்கினால் எங்களுக்குள் வாக்குவாதம்தான். மைனர் லீக் எனும் கீழ்நிலைப் போட்டிகளில் வளர்ந்துவரும் இளைஞரை, அந்த ஆண்டோடு ஒப்பந்தம் முடியும் மூத்த பந்தெறிவாளருக்காகக் கொடுப்பது மடத்தனம் என்கிறேன் நான். கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் நாளைக்கென்று பொத்திவைப்பதே மடத்தனம் என்கிறார் அவர். 1987இல் டெட்ரொய்ட் டைகர்ஸ், டொயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பந்தெறிவாளருக்காக இளம் பந்தெறிவாளர் ஜோன் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டா பிரேவ்ஸிடம் இழந்ததைத்தான் நான் சான்றாகக் காட்டுகிறேன். உங்கள் கருத்து என்ன?

பதில்: தலவாக்கலை வாசகர்

தம்பி, நீங்கள் காட்டும் சான்றே பாதி உங்கள் அண்ணன் பக்கம் சாய்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் வந்து சேர்ந்த டொயில் அலெக்சாண்டர், டெட்ரொய்ட்டுக்காக முதற் பந்தெறிவாளராகத் தொடங்கிய 11 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஒன்பதை வென்றார். அவருடைய ஓட்டச் சராசரி, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள், வெறும் 1.53. டொரொண்டோ அணியை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி டைகர்ஸ் தன் பிரிவை வென்றது என்பதால், அவர் இல்லாமல் அது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஸ்மோல்ட்ஸுக்கு அப்போது 20 வயது. இரண்டாம் நிலை மைனர் லீக்கில் நான்கு வெற்றி, பத்துத் தோல்வி என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அவர் 213 வெற்றிகளையும் 154 சேவ்களையும் (கடைசியில் வந்து முன்னிலையைக் காத்துக் கொடுத்த ஆட்டங்கள்) குவித்து, 2015இல் புகழ்மண்டபத்தில் இடம்பெறுவார் என்று அன்று பந்தயம் கட்ட எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? நடந்து முடிந்ததை வைத்து முடிவெடுத்தவரைத் திட்டுவது எளிது.

பதில்: பண்டாரவளை வாசகர்

மேலே எழுதியவர் சொல்வது சரியே, ஆனால் செலவுக் கணக்கை அவர் விட்டுவிட்டார். மேஜர் லீக் எனும் உச்சநிலைப் போட்டிக்கு வரும் இளைஞரை ஏறத்தாழ ஆறு பருவங்களுக்கு அணி தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதில் முதல் மூன்று ஆண்டுகளில் பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கொடுக்கப்படும். பணக்கார அணிகளோடு மல்லுக்கட்ட வேண்டிய சிறிய அணிக்கு இதுவே மூலதனம்.

நான் தேயிலைத் தவறணையில் (கன்று வளர்க்கும் நாற்றுப்பண்ணையில்) சில காலம் வேலை செய்தவன். மேலே இலை பசுமையாக நிற்கும் கன்றின் பையைச் சில வேளை கிழித்துப் பார்த்தால், அடியில் தண்டு வீங்கியிருக்குமே தவிர ஒரு வேர்கூட விட்டிருக்காது. இளம் வீரர்களும் அப்படித்தான். ஆகவே எல்லோரையும் பொத்திவைக்க வேண்டியதில்லை, எவருக்கு வேர் பிடித்திருக்கிறது என்று அறிவதற்குத்தானே அணிகள் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன.

1990இல் பொஸ்டன் ரெட் சொக்ஸ், மைனர் லீக்கில் இருந்த ஜெஃப் பாக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்து மூத்த பந்தெறிவாளர் லாரி அண்டர்சனை வாங்கியது. அண்டர்சன் 22 இன்னிங்ஸ் எறிந்தார், நன்றாகவே எறிந்தார், பருவம் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார். பாக்வெல்லோ ஹூஸ்டனில் 15 பருவங்கள் ஆடி 449 ஹோம் ரன் அடித்தார். பாக்வெல் ஆடிய மூன்றாம் தளக் காவலிடத்தில் பொஸ்டனுக்கு வேட் பொக்ஸ் இருந்ததால் அவருக்கு இடமில்லை என்று நினைத்தார்கள். ஹூஸ்டன் அவரை முதல் தளத்துக்கு மாற்றியது, அவ்வளவுதான். இதை நான் துரதிர்ஷ்டம் என்று சொல்லமாட்டேன், கவனக்குறைவு என்றுதான் சொல்வேன்.

பதில்: பதுளை வாசகர்

2016இல் சிக்காகோ கப்ஸ், 19 வயது கிளேபர் டொரஸை யாங்கீஸிடம் கொடுத்து பந்தெறிவாளர் அரோல்டிஸ் சப்மனை எடுத்தது. 1908க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடரை வென்றது. டொரஸ் பின்னர் யாங்கீஸ் வீரராக இரண்டு ஓல் ஸ்டார் (சிறந்த வீரர்களுக்கான) ஆட்டங்களுக்குத் தெரிவானபோதும் சிக்காகோவில் பெரிதாக யாரும் அழுததாகத் தெரியவில்லை. 108 வருடம் காத்திருந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று யார் போய்ச் சொல்வது?

மீண்டும் ஹட்டன் வாசகர்

அனைவருக்கும் நன்றி. பாக்வெல் கதையை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன்; அந்த இடத்தில் மட்டும் பேசாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் தலவாக்கலை அண்ணனுக்கு நினைவூட்ட வேண்டும்: 1987இல் மினசோட்டாவுக்கு எதிரான அமெரிக்க லீக் இறுதித் தொடரில் அதே அலெக்சாண்டர் தொடங்கிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார், டைகர்ஸும் அத்தோடு வெளியேறியது. "அதுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது யார்?" என்று என் அண்ணன் பக்கத்திலிருந்து கேட்கிறார்.